அறுபத்து நாலு சொம்புக் கஷாயம்

ஒரு ஊர்ல ஒரு தொண்டை இருந்துச்சு.

என்னடி முறைக்கிற? ராஜா ராணி எல்லாம் வருவாங்க, அவசரப்படாத. டான்சில் எடுத்த பிள்ளைக்குச் சொல்ற கதை தொண்டையிலதான் ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு விஷயம் மருமகளே. வழக்கமா உன் சொர்ணம் அத்தை கதை சொன்னா நீ 'ம்' கொட்டணும், இல்லேன்னா கதை நின்னுரும். இன்னைக்கு 'ம்' வேண்டாம். நேத்துக் காலையில அறுத்த தொண்டை, பாவம், அது பாட்டுக்குக் கெடக்கட்டும். 'ம்'முக்குப் பதிலா இந்த டம்ளர்ல இருந்து ஒரு மடக்கு. அவ்வளவுதான் கூலி.

மூஞ்சியைத் திருப்பாத. இதுல என்ன இருக்குன்னு சொல்லிர்றேன். கொதிக்க வச்சு ஆறின தண்ணி, அதுல துளி அதிமதுரம். டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் கொண்டு வந்தேன். "வலிக்கு நான் குடுத்த டானிக் இருக்கு. இது தண்ணிக்கு ருசி, அவ்வளவுதான்மா. குடிச்சாச் சரி"ன்னு சொல்லிட்டாங்க. முப்பது வருஷமா நாட்டு மருந்துக் கடை வச்சிருக்கிறவளப் பாத்து 'ருசி, அவ்வளவுதான்'! இருக்கட்டும். உனக்காகப் பொறுத்துக்கிட்டேன்.

இப்ப மணி மூணு. நாலு மணிக்கு நர்ஸம்மா எட்டிப் பாப்பாங்க. டம்ளர் இப்படியே இருந்தா மறுபடியும் கையில ஊசி குத்தி ட்ரிப்ஸ் ஏத்திருவாங்க. தொண்டை காயக் கூடாதாம், காஞ்சா வலி இன்னும் ஏறுமாம். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி, அதை விடு. கதைக்கு வா.

தொண்டை இருந்துச்சா? அந்தத் தொண்டை ஒரு ராஜா மகளோட தொண்டை. அவ பேரு மின்னி. வயசு ஏழு. அந்தத் தொண்டை வாசல்ல ரெண்டு காவக்காரங்க. ஒருத்தன் வலப்பக்கம், ஒருத்தன் எடப்பக்கம். கிருமி கிரிமி வந்தா அடிச்சு வெரட்டுறதுதான் வேலை. ஆனா அவனுங்க என்ன செஞ்சானுங்க? தின்னு தின்னு கொட்டைப்பாக்கு மாதிரி வீங்கி, வாசலையே அடைச்சுக்கிட்டு உக்காந்துட்டானுங்க. கிருமி வந்தா, "வாங்கண்ணே, உக்காருங்கண்ணே"ன்னு பாய் விரிச்சானுங்க. மாசம் ஒரு காய்ச்சல் மின்னிக்கு. இட்லி எறங்காது, எச்சில் எறங்காது. அப்புறம் அரண்மனை வைத்தியர் ஈச்சமுத்து வந்து, வெளக்கைப் புடிச்சு உள்ள பாத்துட்டு, "ரெண்டு பேரையும் சீட்டைக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பிர வேண்டியதுதான்"னாரு. மயக்க மருந்து குடுத்தாரு. கிர்ர்ருனு தூங்கிட்டா மின்னி. சரக், சரக். முடிஞ்சுது. ரெண்டு பேரும் வேலையில்லாம வெளிய போயிட்டானுங்க.

இந்த எடத்துல ஒரு மடக்கு.

வேண்டாமா? சரி, ஒதட்டை மட்டும் நனைச்சுக்கோ. ஆங். அது மடக்கு இல்ல, ஏமாத்து வேலை. இருந்தாலும் மொத தடவைன்னு விடுறேன்.

அப்புறம் மின்னி முழிச்சா. முழிச்சதும் வலி. எச்சில் முழுங்கினா முள்ளு முழுங்கின மாதிரி வலி. அவ என்ன பண்ணா தெரியுமா? இனிமே முழுங்குறதே இல்லேன்னு முடிவு பண்ணிட்டா. வாயில எச்சில் ஊறினா, பக்கத்துல கிண்ணம் வச்சு அதுல விட்டா. சொட், சொட், சொட். உன் தலகாணி மட்டும் என்ன வாழுதாம்? நனைஞ்சு போய்க் கெடக்கு. வெக்கப்படாத, ராஜா மகளே அப்படித்தான் கெடந்தா.

வைத்தியர் ஈச்சமுத்து கெளம்புறப்போ மூணே மூணு சொன்னாரு. "வலிக்கு இந்தா மருந்து, வேளா வேளைக்குக் குடுங்க. தண்ணி குடிக்கணும், பொழுது சாயறதுக்குள்ள ஒரு சொம்பு உள்ள போகணும். போகலேன்னா ஊசியோட வருவேன். மூணாவது, சூடு, உறைப்பு, பச்சிலை, எதுவா இருந்தாலும் என்னைக் கேக்காமக் குடுக்காதீங்க." எல்லாரும் தலையை ஆட்டுனாங்க. தலையை ஆட்டுறதுக்குக் காசா பணமா? அவரு தெரு முக்குத் திரும்புறதுக்குள்ள அரண்மனையே வைத்தியராயிருச்சு.

அந்த வீட்ல மூணு பேருக்குக் கைராசின்னு நெனப்பு. மொத ஆளு, ராஜாவோட பெரியம்மா. அவங்க கை பட்டா கொசுக்கடியும் மூணே நாள்ல போயிருமாம். கை படலேன்னா ஒரே நாள்ல போயிரும், அது வேற விஷயம். ரெண்டாவது ராணி. மூணாவது, ராஜாவே. ராஜா பேரு கர்ஜனராயன். அவரு மெதுவாப் பேசுனாலே ஓட்டுல இருக்கிற புறா பறந்துரும். ஒரு தடவை யானை நகத்துல சிராய்ப்பு. இவரு ஒரு எலையைக் கட்டுனாரு. ஆறிருச்சு. யானைக்கு அது சிராய்ச்சதே தெரியாது. ஆனா அன்னையில இருந்து ராஜாவுக்கு, தான் பெரிய வைத்தியன்னு நெனப்பு.

மொதல்ல பெரியம்மா வந்தாங்க. "ஆ காட்டு தாயி." அப்புறம் ராணி வந்தாங்க. "ஆ காட்டு கண்ணு." அப்புறம் ராஜா வந்தாரு. "ஆஆஆ காட்டு!" சன்னல் கதவு படபடன்னு அடிச்சுக்கிச்சு. வலிக்குதா, இன்னும் வலிக்குதா, எங்க வலிக்குது, முழுங்கிப் பாரு, ஏன் முழுங்கல. காலையில இருந்து இதே பாட்டு. மின்னி பல்லை இறுக்கிக் கடிச்சுக்கிட்டா. கடப்பாறை வச்சாலும் தெறக்காது அந்த வாய்.

நீயும் அப்படித்தான் வச்சிருக்க. சரி, கதை இங்க நிக்குது. கூலி வரல.

...

நான் சும்மாதான் இருக்கேன். எனக்கொண்ணும் அவசரம் இல்ல. ஃபேனைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

...

ஆங்! நான் பாக்கலேன்னு நெனச்சுத்தானே குடிச்ச? பாத்துட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு பாரு. வலிக்குது. தெரியும் கண்ணு. வலிக்கலேன்னு யாராச்சும் சொன்னா அவங்களப் புடிச்சு மூணு நாள் கொல்லையில கட்டிப் போடலாம். சரி, வா, நீ கூலி குடுத்துட்ட, நானும் சரக்கைக் குடுக்கிறேன்.

அப்போ பெரியம்மா யாருக்கும் தெரியாம அடுப்படிக்குப் போனாங்க. ஒரு அண்டாவை வச்சு, அறுபத்து நாலு சொம்பு தண்ணி ஊத்தி, ஆடாதொடை எலையை அள்ளிப் போட்டாங்க. ஆடாதொடைன்னா என் கடையில வாசப்பக்கம் தொங்குமே, நக்கிப் பாத்துட்டு என்னை ரெண்டு நாள் அத்தைன்னு கூப்பிடாம இருந்தியே, அந்தக் கசப்பு. கஷாயம்னா ஒரு கணக்கு உண்டு. எட்டுக்கு ஒண்ணா வத்தணும். எட்டு சொம்பு ஊத்துனா ஒரு சொம்பு மிஞ்சணும். கடையில நான் பொட்டலம் மடிச்சுக் குடுக்கிறப்போ சொல்றதும் அதைத்தான். அப்போ அறுபத்து நாலு வத்துனா எத்தனை? வெரலைக் காட்டு. எட்டு. கெட்டிக்காரி. தளதள, தளதளன்னு கொதிச்சு எட்டு சொம்பாச்சு. பெரியம்மா எறக்கி வச்சுட்டு, "ஆறட்டும்"னு ஒரு குட்டித் தூக்கம் போடப் போனாங்க.

அப்போ ராணி யாருக்கும் தெரியாம அடுப்படிக்கு வந்தாங்க. பாத்தா, அண்டாவுல எட்டு சொம்பு. "யாரோ வேலைக்காரி தண்ணி ஊத்தி வச்சிருக்கா, எலையும் போட்டிருக்கா, அடுப்பை மட்டும் மூட்டாமப் போயிட்டா"ன்னு நெனச்சாங்க. கேக்கலாம்ல? கேக்க மாட்டாங்க. கேட்டா பெரியம்மாவுக்குத் தெரிஞ்சுரும், அப்புறம் பிள்ளை யாரு கையில தேறுனா பேரு யாருக்கு? அதனால வாயைத் தெறக்காம சுக்கு ஒரு கை, மெளகு ஒரு கை, திப்பிலி ஒரு கை. போட்டு மூட்டுனாங்க. எட்டுக்கு ஒண்ணு! குபுகுபு, குபுகுபுன்னு கொதிச்சு ஒரு சொம்பாச்சு. நெடி தாங்காம அரண்மனைப் பூனை பதினேழு தும்மல் போட்டுச்சு. ஹச், ஹச், ஹச்... மிச்சத்தை நீ எண்ணிக்கோ. ராணி எறக்கி வச்சுட்டு தலை சீவப் போனாங்க.

மடக்கு.

சமத்து. இந்தத் தடவை கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்ச, நல்ல யோசனை. துப்பாத, துப்பாத... சரி, பாதி வெளிய வந்துருச்சு, பாதி உள்ள போச்சு. பாதியும் கணக்குதான். என் சேலைதானே, தொடச்சுக்கிறேன்.

அப்புறம் ராஜா பூனை மாதிரி அடிமேல அடி வச்சு வந்தாரு. அவரு அடிமேல அடி வச்சா தொம், தொம், தொம்னு மூணு தெருவுக்குக் கேக்கும். அது அவருக்குத் தெரியாது. பாத்தா, அண்டா அடியில ஒரு சொம்பு கறுப்புத் தண்ணி. "ம்ம், யாரோ ஆரம்பிச்சுட்டு விட்டுட்டாங்க. நம்ம கைதான் படணும்னு விதிச்சிருக்கு." எடுத்தாரு கடுக்காய். ஒண்ணு போட்டாலே வாய் சுருங்கிரும். இவரு ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டாரு. எட்டுக்கு ஒண்ணு! இப்போ கொதிக்கிற சத்தம் கூட வரல. ப்ளப்... ப்ளப்... ப்ளப்னு சேறு மாதிரி. ஒரு சொம்பு, எட்டுல ஒரு பங்கா, அரைக்கால் சொம்பாச்சு. ரோட்டுல போடுற தார் பாத்திருக்கியா? அதே நெறம், அதே இழுவை. கரண்டியை நட்டு வச்சா நிக்கும்.

பாத்துக்கோ மருமகளே. அறுபத்து நாலு சொம்பு, அரைக்கால் சொம்புக்குள்ள ஒளிஞ்சிருக்கு. மருந்து மேல குத்தமே இல்ல. பக்கத்துல இருக்கிறவளை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுங்கிற கொழுப்பு இருக்கே, குத்தம் எல்லாம் அது மேலதான். இந்த ரூம் அலமாரியில மூணு பிளாஸ்க் நிக்குது, நான் பாத்தேன். மதுரைச் சித்தி ஒண்ணு, கீழ வீட்டு ஆச்சி ஒண்ணு, உங்கப்பன் எங்கயோ வாங்கிட்டு வந்தது ஒண்ணு. மூணையும் நான் மோந்தாச்சு. என்ன முழிக்கிற? உன் வாய்க்குள்ள ஒண்ணும் போகாது. வாஷ்பேசினுக்கு மூணு வேளை மருந்து. அதுக்கு என்ன நோய் இருந்தாலும் தேறிரும்.

அப்புறம் பொழுது சாய ஆரம்பிச்சுது. மின்னி கட்டில் பக்கத்துல வெள்ளிச் சொம்புல தண்ணி, வச்சது வச்சபடி. மூணு பேரும் ஒரே நேரத்துல அடுப்படிக்கு ஓடி வந்து, அண்டாவுல ஆளுக்கு ஒரு பக்கம் கைய வச்சாங்க.

"என் கஷாயம்!"

"என்னுது அத்தை, விடுங்க!"

"யாரு கஷாயத்துல யாரு கை வைக்கிறது!" அது ராஜா. ஓட்டுல இருந்த புறா எல்லாம் பக்கத்து நாட்டுக்குக் குடி போயிருச்சு.

இழுத்துக்கிட்டே மின்னி ரூமுக்கு வந்துட்டாங்க. "ஆ காட்டு! ஆ காட்டு! ஆ காட்டு!" மின்னி போர்வைக்குள்ள போயிட்டா. அப்போ அந்த அரண்மனையில ஒரு வழக்கம் உண்டு. நோயாளிக்கு எதைக் குடுத்தாலும், குடுக்கிறவங்க மொதல்ல ஒரு வாய் குடிக்கணும். தாத்தா காலத்து வழக்கம், மீற முடியாது. பெரியம்மா கரண்டியை எடுத்தாங்க. மடக். ராணி விடுவாங்களா? மடக். ராஜா, "நான் தான் மொதல்ல"ன்னு மிச்சத்துல பாதியை வழிச்சு வாயில போட்டாரு. மடக், மடக்.

ஒரு நிமிஷம் ஒண்ணும் நடக்கல.

அப்புறம் பெரியம்மா மூஞ்சி அஷ்டகோணலாச்சு. வாய் எடது காதுக்குப் போச்சு, மூக்கு வலது காதுக்குப் போச்சு. ராணிக்கு நாக்கு வெளிய வந்துச்சு, வந்தது உள்ள போகல. ராஜா, "ஆஆ..."ன்னு கர்ஜனை பண்ண வாயைத் தெறந்தாரு. என்ன சத்தம் வந்துச்சு தெரியுமா? கீச். எலிக்குஞ்சு மாதிரி, கீச். மறுபடி தெறந்தாரு. கீச். மூணாவது தடவை அதுவும் வரல. கடுக்காய் வாயை இழுத்துத் தச்ச மாதிரி மூடிருச்சு.

அரண்மனை நாய் வந்து அண்டாவை மோந்து பாத்துட்டு, சந்நியாசம் வாங்கிக்கிட்டுக் காசிக்குப் போயிருச்சு.

சிரிக்காதடி! வலிக்குதா? சிரிச்சு வலிச்சா ஒரு மடக்கு போடு, நனையட்டும். ஆங். இப்ப நான் ஒண்ணு கேட்டதுக்கு ரெண்டு மடக்கு போயிருச்சு. பாதி டம்ளர் காலி. சொல்லிக் காட்டல. சும்மா சொன்னேன்.

இப்போ கேளு. அந்த ரூம்ல அமைதி. காலையில இருந்து மொத தடவையா அமைதி. ஆ காட்டுன்னு யாரும் சொல்லல. வலிக்குதான்னு யாரும் கேக்கல. மின்னி போர்வையை மெதுவா எறக்கிப் பாத்தா. பெரியம்மா செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்குறாங்க, ராணி நாக்குக்கு விசிறிக்கிட்டு இருக்காங்க. ராஜா எங்க? கட்டிலுக்குக் கீழ, தரையில உக்காந்திருக்காரு. எச்சில் முழுங்குறாரு. முழுங்குறப்போ கழுத்தைப் புடிச்சுக்கிறாரு. கண்ணுல இருந்து தண்ணி பொலபொலன்னு ஊத்துது. ஏழு வருஷத்துல தன் அப்பன் அழுது அவ பாத்ததே இல்ல.

மின்னிக்கு மனசு கேக்கல. சொம்பை எடுத்து நீட்டுனா. ராஜா தலையை ஆட்டுனாரு. மாட்டேன். மின்னி கையால காட்டுனா, ஆ காட்டுங்க. ராஜா பல்லை இறுக்கிக் கடிச்சுக்கிட்டாரு. அவளை மாதிரியே. பயம்! யானைக்கு வைத்தியம் பாத்த ஆளு, ஒரு மடக்குத் தண்ணிக்குப் பயப்படுறாரு. வலிக்கும்னு பயம்.

அப்போ அவளுக்குப் புரிஞ்சுது. அப்பாவுக்குக் குடுக்கணும்னா, குடுக்கிறவ மொதல்ல குடிக்கணும். வழக்கத்தை மீற முடியாது.

சொம்பைப் பாத்தா. அப்பாவைப் பாத்தா. தெரு முக்குல வைத்தியர் செருப்புச் சத்தம், சரட், சரட். சொம்பைத் தூக்குனா. ஒதடு வரைக்கும் கொண்டு போனா.

ஏண்டி நிறுத்திட்டேன்னு பாக்குறியா? எனக்கும் பயமா இருக்கு. அவளோட சேந்து நீயும் ஒண்ணு குடியேன். அவ தனியா இருக்கா.

...

அடி என் தங்கமே.

மடக். குடிச்சா. வலிச்சுச்சு. நான் பொய் சொல்ல மாட்டேன், சுரீர்னு வலிச்சுச்சு. ஆனா உள்ள போன தண்ணி குளுகுளுன்னு எறங்குச்சு. சொம்பை அப்பா ஒதட்டுல வச்சா. அவரும் கண்ணை மூடிக்கிட்டு, மடக். ராஜா அம்மாம் பெரிய ஆளு, ஒரு மடக்கு எந்த மூலைக்கு? வெரலைக் காட்டுனாரு, இன்னொண்ணு. இன்னொண்ணு குடுக்கணும்னா அவ இன்னொண்ணு குடிக்கணும். மடக். இந்தத் தடவை வலி கொஞ்சம் கொறஞ்சிருந்துச்சு. அவ ஒண்ணு, அவரு ஒண்ணு. அவ ஒண்ணு, அவரு ஒண்ணு. பெரியம்மா தவழ்ந்து வந்து வாயை நீட்டுனாங்க. அவங்களுக்கு ஒண்ணுன்னா மின்னிக்கும் ஒண்ணு. ராணிக்கு நாக்கு மேலயே ஊத்துனா. சொம்பு காலி. அடுத்த சொம்பு வந்துச்சு, அதுவும் காலி.

வைத்தியர் ஈச்சமுத்து ஊசியோட உள்ள வந்தாரு. பாத்தா, மூணு பெருசுங்க வாயைப் பொத்திக்கிட்டுத் தரையில கெடக்குது. நோயாளி கட்டில்ல உக்காந்து, சொம்பும் கையுமா வைத்தியம் பாக்குறா. வைத்தியர் அண்டாவை எட்டிப் பாத்தாரு. வெரல்ல தொட்டுப் பாத்தாரு. வெரல் ஒட்டிக்கிச்சு. "இதை யாரு காச்சுனது?"ன்னு கேட்டாரு. மூணு பேரும் ஒரே நேரத்துல அடுத்த ஆளக் கை காட்டுனாங்க. கைராசி போன எடம் தெரியல!

மின்னி அவரு ஊசியப் பாத்தா. காலிச் சொம்பக் கவுத்துக் காட்டுனா. ஒரு சொட்டு விழல. வைத்தியர் ஊசியப் பெட்டிக்குள்ள வச்சுட்டு, வலி மருந்தை மட்டும் வேளைக்குக் குடுத்துட்டு, பேசாமப் போயிட்டாரு. அன்னைக்கு ராத்திரி அரண்மனையில எல்லாரும் எளநீர் மட்டும்தான் குடிச்சாங்க. ராஜாவுக்கு நாலு நாள் குரல் வரல. புறா எல்லாம் திரும்பி வந்து, ஓட்டுல முட்டையே போட்டுருச்சு.

அவ்வளவுதான்டி. இனி மெல்ல கண்ணை மூடு.

என்ன? என்ன காட்டுற? மெதுவா, தொண்டையை இழுக்காத. என்னது?

...

தண்ணியா?

தண்ணின்னா சொன்ன? நேத்துக் காலையில இருந்து நீ சொன்ன மொத வார்த்தைடி இது. இரு, இரு, ஊத்துறேன். டம்ளர் காலியாயிருச்சு, நான் கவனிக்கவே இல்ல. பாரு, அவசரத்துல மேல எல்லாம் கொட்டுறேன். இந்தா. மெதுவா. நான் அழல, சும்மா இரு. உன்கிட்ட மட்டும் சொல்றேன். நேத்து உன்னைக் கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போனதுல இருந்து எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல. கடையில முந்நூறு டப்பா இருக்கு, ஒரு டப்பாவுலயும் இதுக்கு மருந்து இல்ல. இப்பத்தான் பசிக்குது.

குடிச்சுட்டியா? படு. நனைஞ்ச தலகாணியத் திருப்பிப் போட்டாச்சு. கதையும் எறங்கிருச்சு, தண்ணியும் எறங்கிருச்சு, இனிமே தூக்கம் எறங்கட்டும்.

வாங்க சிஸ்டர். மெதுவா நடங்க. அந்த ஊசித் தட்டை அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போங்க, எம் மருமக தூங்குறா.